லோட் 70, சிபியூ சும்மா: கெர்னல் காட்டும் எண்களோடு பழகிய அனுபவம்

லோட் ஆவரேஜ் 70-ஐத் தாண்டிவிட்டது, ஆனால் சிபியூவில் 95 சதவீதம் சும்மா கிடக்கிறது. லினக்ஸ் சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் என்னிடம் வந்து சேர்ந்த கேள்விகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். கேட்பவர் பெரும்பாலும் பதற்றத்தில் இருப்பார். இரண்டில் ஏதோ ஒரு கருவி தப்பாகக் காட்டுகிறது என்று முடிவுகட்டியே வந்திருப்பார். இரண்டு எண்ணும் சரிதான். எது எதை எண்ணுகிறது என்பதில்தான் சங்கதி இருக்கிறது.

லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் பற்றி எனக்குத் தெரிந்ததில் பாதிக்கு மேல் இந்த மாதிரி முரண்களைத் துருவியபோது ஒட்டிக்கொண்டதுதான். ஷெட்யூலர் (யாருக்கு எப்போது சிபியூ என்று முடிவு செய்யும் பகுதி), மெமரி, ஃபைல் சிஸ்டம் என்று அத்தியாயம் அத்தியாயமாகப் படித்தது பரீட்சைக்கு ஆயிற்று. நடுராத்திரியில் சர்வர் படுத்துவிட்டால், எந்த அத்தியாயத்தைத் திறப்பது என்பதே கேள்வியாகிவிடும்.

சரி, லோட் 70 கதைக்கு வருவோம். பழைய யூனிக்ஸ் வழக்கப்படி லோட் ஆவரேஜ் என்றால், சிபியூவில் ஓடிக்கொண்டிருக்கும் ப்ராசஸ்களும் (இயங்கும் நிரல்கள்) ஓடத் தயாராக வரிசையில் நிற்பவையும் சேர்ந்த எண்ணிக்கை. லினக்ஸில் 1993-இல் இதை மாற்றினார்கள். 'டி' நிலையில் இருப்பவற்றையும், அதாவது டிஸ்க் மாதிரியான எதற்கோ எழுப்ப முடியாத தூக்கத்தில் காத்திருப்பவற்றையும், கணக்கில் சேர்த்தார்கள். அன்றைக்குச் சொன்ன காரணம் நியாயமானதுதான்: வேகமான ஸ்வாப் டிஸ்கை (மெமரியில் இடமில்லாதவற்றை ஒதுக்கிவைக்கும் டிஸ்க்) எடுத்துவிட்டு மெதுவானதைப் போட்டால் இயந்திரம் திணறும், ஆனால் எல்லாரும் டிஸ்குக்காகக் காத்திருப்பதால் லோட் எண் இறங்கும். இது கோணலாக இருக்கிறதே என்றுதான் மாற்றம் வந்தது. ஆகவே லினக்ஸில் லோட் என்பது சிபியூவுக்கான தேவையை மட்டும் சொல்வதில்லை, சிஸ்டத்தின் மொத்தத் திணறலைச் சொல்ல முயல்கிறது. 1, 5, 15 நிமிடம் என்று மூன்று எண்கள் வருகின்றனவே, அவையும் நேரடிச் சராசரி இல்லை. சுமார் 5 விநாடிக்கு ஒருமுறை எண்ணிப் பார்த்து, பழைய மதிப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக மங்கவைக்கும் கணக்கு அது. அதனால்தான் பிரச்சினை தீர்ந்த பிறகும் அந்த எண் உடனே கீழே வராமல் அடம்பிடிக்கிறது.

எங்கள் விஷயத்தில் நடந்தது இதுதான். நெட்வொர்க் வழியாக இணைத்திருந்த என்எஃப்எஸ் சேமிப்பகம் பதில் சொல்வதை நிறுத்திவிட்டது. கண்காணிப்பு ஸ்கிரிப்ட் ஒன்று நிமிடத்துக்கு ஒருமுறை 'டிஎஃப்' கமாண்டை ஓட்டி டிஸ்கில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று பார்க்கும். 'டிஎஃப்' எல்லா மவுண்டுகளையும் (இணைத்திருக்கும் சேமிப்பகங்களையும்) விசாரிக்கும் அல்லவா? செத்துப்போன சேமிப்பகத்திடமும் கேட்டுவிட்டு 'டி' நிலையில் உட்கார்ந்துவிடும். அடுத்த நிமிடம் இன்னொரு 'டிஎஃப்', அதற்கடுத்த நிமிடம் இன்னொன்று. லோட் நிமிடத்துக்கு ஒன்றாக, படிக்கட்டு மாதிரி ஏறிக்கொண்டிருந்தது. வரைபடத்தில் அந்த நேர்த்தியைப் பார்த்தபோதே சந்தேகம் வந்தது. பயனர்கள் கூட்டமாக வந்தால் லோட் இவ்வளவு ஒழுங்காக ஏறாது.

இங்கே பார்க்க வேண்டிய இடங்கள் சில. 'பிஎஸ்' காட்டும் நிலைப் பத்தியில் 'டி' என்று இருப்பவற்றை மட்டும் வடிகட்டிப் பாருங்கள். பிறகு, கெர்னல் தன் நிலவரத்தைக் காட்டும் ப்ராக் அடைவுக்குள் அந்த ப்ராசஸின் எண்ணுக்குப் போய், 'ஸ்டாக்' என்ற ஃபைலை ரூட் உரிமையோடு படியுங்கள். கெர்னலுக்குள் அது எந்த ஃபங்ஷனில் நிற்கிறது என்று வரிசையாகத் தெரியும். கெர்னல் கோட் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஃபங்ஷன் பெயர்களில் என்எஃப்எஸ் என்ற எழுத்துகள் இருந்தால் நெட்வொர்க் சேமிப்பகம், எக்ஸ்ட்4 என்றோ எக்ஸ்எஃப்எஸ் என்றோ இருந்தால் உள்ளூர் ஃபைல் சிஸ்டம். அந்த அளவு ஊகமே பாதி வேலையை முடித்துவிடும். இதெல்லாம் தானாகவே பதிவாகவும் செய்யும்: ஒரு ப்ராசஸ் 120 விநாடிக்கு மேல் 'டி' நிலையில் அசையாமல் இருந்தால், பெரும்பாலான லினக்ஸ் விநியோகங்களில் கெர்னல் அதைத் தன் லாகில் (நிகழ்வுப் பதிவேட்டில்) எழுதிவைக்கும். 'டிமெசேஜ்' போட்டுப் பார்த்தால் கிடைத்துவிடும். நான் இப்போதெல்லாம் எதைத் தொடும் முன்பும் முதலில் பார்ப்பது அந்த லாகைத்தான்.

தீர்வு சாதாரணமானது. அந்த மவுண்டை 'சோம்பேறி' முறையில் கழற்றிவிட்டோம். அப்படிச் செய்தால் அது அடைவு மரத்திலிருந்து உடனே மறையும், புதிய 'டிஎஃப்' எதுவும் போய் மாட்டாது. ஏற்கெனவே மாட்டியவற்றைத் தனியாகக் கொல்ல வேண்டியிருந்தது. அப்புறம் கண்காணிப்பு ஸ்கிரிப்ட்டில் உள்ளூர் டிஸ்க்குகளை மட்டும் பார்க்கும்படி ஒரு ஆப்ஷனும், ஒரு டைம்அவுட்டும் சேர்த்தோம்.

'கொல்ல வேண்டியிருந்தது' என்றேன். அங்கேதான் அடுத்த கேள்வி முளைக்கும். "அண்ணா, கில் மைனஸ் 9 போட்டும் போகமாட்டேங்குதே, இது எப்படி?" என்று என் குழுவில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர் இன்னொரு சமயம் கேட்டார். கில் மைனஸ் 9 அனுப்புவது 9-ஆம் சிக்னலை. அதை எந்த ப்ராசஸாலும் தடுக்க முடியாது என்று எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. அதுவும் உண்மைதான். ஆனால் சிக்னல் என்பது கெர்னல் பாய்ந்துபோய்க் கழுத்தை நெரிப்பது அல்ல. அந்த ப்ராசஸின் கணக்கில் ஒரு குறிப்பு எழுதப்படுகிறது, அவ்வளவுதான். ப்ராசஸ் கெர்னலுக்குள் இருந்து பயனர் பக்கத்துக்குத் திரும்பும் வாசலில் அந்தக் குறிப்பு பார்க்கப்பட்டு, அங்கே அதன் ஆயுள் முடிகிறது. சாதாரணத் தூக்கத்தில் இருப்பதைச் சிக்னல் தட்டி எழுப்பிவிடும். 'டி' நிலையில் இருப்பதை எழுப்பாது. அது திரும்பி வந்தால்தானே வாசலுக்கு வரும்?

ஏன் இப்படி ஒரு நிலையை வைத்தார்கள் என்று கோபம் வரலாம். ஒரு டிஸ்க் கருவி, நினைவகத்தின் குறிப்பிட்ட இடத்தில் தரவைக் கொண்டுவந்து கொட்டப் போகிறது என்று வையுங்கள். காத்திருக்கும் ப்ராசஸ் ஏதோ ஒரு பூட்டைக் கையில் பிடித்திருக்கிறது. அதை நடுவில் கொன்றுவிட்டால் பூட்டைத் திறக்க ஆளில்லை. நினைவகத்தை வேறு யாருக்காவது கொடுத்துவிட்டால், தாமதமாக வந்து விழும் தரவு அவர்கள் தலையில் விழும். ஆகவே 'இந்த வேலை சீக்கிரம் முடிந்துவிடும், அதுவரை யாரும் தொடாதீர்கள்' என்ற நம்பிக்கையில் எழுதப்பட்ட நிலை அது. வன்பொருள் ஒழுங்காக இருக்கும்வரை அந்த நம்பிக்கை பலிக்கிறது. அந்தத் தம்பி பார்த்துக்கொண்டிருந்த இயந்திரத்தில் டிஸ்கே பழுதாகிக்கொண்டிருந்தது. லாகில் டிஸ்க் பிழைகள் வரிசையாக ஓடிக்கொண்டிருந்தன. ரீபூட் கமாண்டும் பாதியில் நின்றது, ஏனென்றால் அதுவும் எல்லா டிஸ்க்கிலும் எழுதிமுடிக்கக் காத்திருக்கும். கடைசியில் வலுக்கட்டாயமாகத்தான் மறுதொடக்கம் செய்ய வேண்டியிருந்தது.

அப்படியானால் என்எஃப்எஸ்-ல் மாட்டிய 'டிஎஃப்'கள் மட்டும் எப்படிச் செத்தன? 2008-இல் வந்த 2.6.25 கெர்னலில், உயிர்போகும் சிக்னலுக்கு மட்டும் எழும் இடைப்பட்ட தூக்கம் ஒன்றைச் சேர்த்தார்கள். என்எஃப்எஸ் பல இடங்களில் அதைப் பயன்படுத்துகிறது. 'பிஎஸ்'-இல் இரண்டுமே 'டி' என்றுதான் தெரியும், லோடிலும் இரண்டும் சேரும். ஆனால் ஒன்று கில்லுக்கு மசியும், மற்றது மசியாது. இதனால்தான் கெர்னல் பற்றிய எந்தப் பதிலையும் அதன் பதிப்பு எண்ணோடு சேர்த்தே நான் மனத்தில் வைத்துக்கொள்கிறேன். பழைய பதில்கள் அன்றைக்குச் சரியாக எழுதப்பட்டவைதான், இன்றைக்குப் பொருந்தாது. லினக்ஸின் ஷெட்யூலர் எது என்று கேட்டால், 2007 முதல் சிஎஃப்எஸ் என்று பல வருடம் சொல்ல முடிந்தது. 2023-இல் வந்த 6.6 பதிப்பிலிருந்து அந்த இடத்தில் ஈஈவிடிஎஃப் இருக்கிறது. யாராவது கேள்வியோடு வந்தால், முதலில் கெர்னல் பதிப்பைக் கேளுங்கள்.

மெமரி பற்றிய கேள்விகள் இதைவிட அதிகம், வருத்தமும் அதிகம். 'ஃப்ரீ' கமாண்டில் காலி நினைவகம் சில நூறு எம்பிதான் காட்டுகிறது, பயந்துபோய் கேஷைத் துடைக்கும் கமாண்டை மணிக்கு ஒருமுறை கிரானில் (நேரம் வைத்து கமாண்டை ஓட்டும் கருவி) போட்டுவிடலாமா என்பார்கள். வேண்டாம். சும்மா கிடக்கும் மெமரியில் கெர்னல், டிஸ்கிலிருந்து படித்தவற்றை வைத்திருக்கிறது. தேவை வந்தால் அதில் பெரும்பகுதியை நொடியில் விட்டுக்கொடுக்கும். துடைத்துவிட்டால் எண் அழகாகத் தெரியும், அடுத்த சில நிமிடங்கள் எல்லாப் படிப்பும் டிஸ்க்குக்குப் போய் வேகம் படுத்துவிடும். 'காலி' பத்தியை விட்டுவிட்டு 'கிடைக்கக்கூடியது' என்ற பொருள் தரும் பத்தியைப் பாருங்கள். 2014-இல் வந்த 3.14 கெர்னலில் இந்த மதிப்பீட்டைச் சேர்த்ததே, எல்லாரும் காலியையும் கேஷையும் கூட்டித் தப்புத் தப்பாகக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்ததால்தான்.

நிஜமாகவே மெமரி தீரும்போது நடப்பது வேறு. முதலில் ஒன்றைப் பிடித்துக்கொள்ள வேண்டும்: ஒரு நிரல் 1 ஜிபி வேண்டும் என்று கேட்டால், கெர்னல் சரி என்று சொல்லி முகவரிகளை மட்டும்தான் கொடுக்கிறது. நிஜ மெமரி, நிரல் அந்த இடத்தை முதன்முதலில் தொடும்போது, பக்கம் பக்கமாக வருகிறது. வழக்கமான இயந்திரங்களில் ஒரு பக்கம் 4 கேபி. ஆகவே கொடுத்த வாக்குகளின் கூட்டுத்தொகை இருப்பதைவிட அதிகமாக இருக்கலாம், வழக்கமாக இருக்கவும் செய்யும். பெரும்பாலான நிரல்கள் கேட்டதையெல்லாம் தொடுவதில்லை என்பதால் காலம் ஓடுகிறது. எல்லாரும் ஒரே நேரத்தில் தொட வந்தால், கெர்னலுக்கு 'இல்லை' என்று சொல்ல வாய்ப்பே கிடையாது. மெமரியைத் தொடும் கட்டளை ஒரு சாதாரணக் கணக்கு வரி. அது தோல்வி என்று திரும்பிச் சொல்ல இடமில்லை. எனவே யாரையாவது கொன்று இடம் பிடிக்கிறது. அதுதான் ஓஓஎம் (அவுட் ஆஃப் மெமரி) கில்லர்.

யாரைக் கொல்லும் என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். மெமரியைக் கசியவிட்டவரைக் கொல்லும் என்று நினைக்கிறோம். யார் கசியவிட்டார் என்று கெர்னலுக்குத் தெரியாது. அந்த நேரத்தில் யார் அதிகம் வைத்திருக்கிறாரோ அவரைத்தான் பிடிக்கும். நாங்கள் ஒருமுறை டேட்டாபேஸ் ஏன் திடீர் திடீரென்று நின்றுபோகிறது என்று அதன் லாகையே குடைந்துகொண்டிருந்தோம். அதில் எதுவுமே இல்லை. 9-ஆம் சிக்னலில் சாகும் ப்ராசஸுக்குக் கடைசி வார்த்தை எழுத நேரம் கிடையாது. கெர்னல் லாகில் எல்லாம் தெளிவாக இருந்தது: அந்தச் சமயத்தில் எந்தெந்த ப்ராசஸ் எவ்வளவு வைத்திருந்தது என்ற பட்டியலோடு. பக்கத்தில் ஓடிய ரிப்போர்ட் தயாரிக்கும் சின்ன நிரல் பத்துப் பதினைந்து பிரதிகளாகப் பெருகி, ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சமாக ஊதியிருந்தது. தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் சின்னது. டேட்டாபேஸ்தான் பெரியது, ஆகவே அது போயிற்று.

இதற்கு இரண்டு வேலைகள் செய்தோம். யாரைக் கொல்வது என்பதைத் தீர்மானிக்கும் ஓஓஎம் மதிப்பெண்ணில் டேட்டாபேஸுக்கான திருத்தத்தைக் கீழே இறக்கினோம். அது -1000 முதல் 1000 வரை போகும், -1000 வைத்தால் தொடவே தொடாது. நான் அந்தக் கடைசி எல்லைக்குப் போவதில்லை. டேட்டாபேஸே கசிய ஆரம்பித்தால் சர்வர் முழுவதையும் இழுத்துக்கொண்டு போய்விடும். அதைவிட முக்கியம், ரிப்போர்ட் நிரலைத் தனி சிகுரூப்பில் (ப்ராசஸ்களைக் குழுவாக்கி வரம்பு வைக்கும் கெர்னல் வசதி) அடைத்து மெமரிக்கு வரம்பு வைத்தது. இனி ஊதினால் அந்தக் குழுவுக்குள்ளேயே சாவு நடக்கும்.

கன்டெய்னர் என்பதும் நிரலை இப்படித் தனி அறையில் அடைத்து ஓட்டுவதுதான். அதைப் பயன்படுத்துபவர்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். ப்ராசஸ் 137 என்ற எண்ணோடு முடிந்திருக்கும், ஆனால் இயந்திரத்தில் பல ஜிபி மெமரி காலியாக இருக்கும். 137 என்றால் 128-ம் 9-ம் கூட்டினது, அதாவது 9-ஆம் சிக்னலில் செத்தது. இயந்திரத்தில் இடம் இருந்தாலும் கன்டெய்னரின் வரம்பு நிரம்பினால் கில்லர் வரும். 137-ஐப் பார்த்ததுமே ஓஓஎம் என்று எழுதிவிடாதீர்கள். வேறு யாராவது கில் அடித்திருந்தாலும் அதே எண்தான். கெர்னல் லாகில் வரி இருந்தால் மட்டும் நம்புங்கள்.

டிஸ்கில் எழுதுவது பற்றிய சந்தேகங்கள் அமைதியாக இருந்து பிறகு பெரிய சேதம் செய்யக்கூடியவை. எழுதும் சிஸ்டம் கால் (நிரல் கெர்னலிடம் வைக்கும் கோரிக்கை) வெற்றி என்று திரும்பினால் தரவு டிஸ்கில் இருக்கிறது என்று பொருள் இல்லை. கெர்னல் மெமரியில் வைத்திருக்கும் பேஜ் கேஷில் இருக்கிறது, அவ்வளவுதான். பென்டிரைவில் பெரிய ஃபைலைக் காப்பி செய்யும்போது பட்டை நொடியில் 100 சதவீதம் காட்டிவிட்டு, கழற்றச் சொன்னால் நிமிடக்கணக்கில் நிற்பது இதனால்தான். வழக்கமான அமைப்பில் எழுதப்படாத பக்கம் 30 விநாடி வயதானால் கெர்னல் அதை டிஸ்க்குக்கு அனுப்பத் தொடங்கும். அதற்குள் மின்சாரம் போனால் போனதுதான். நிரல் மட்டும் செத்தால் கவலையில்லை. கேஷ் கெர்னலுடையது, அது எழுதிவிடும்.

தரவு முக்கியம் என்றால், கேஷில் இருப்பதை டிஸ்கில் எழுதி முடிக்கச் சொல்லும் எஃப்சிங்கை அழைக்க வேண்டும். அமைப்பு ஃபைலைப் பத்திரமாக மாற்றி எழுத நான் பின்பற்றும் வரிசை: அதே அடைவில் தற்காலிக ஃபைல் ஒன்றில் எழுதி, அதற்கு எஃப்சிங்க் செய்து, பழைய பெயருக்கு ரீநேம் செய்து, கடைசியில் அந்த அடைவுக்கும் ஒரு எஃப்சிங்க். கடைசிப் படியைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். பெயர் இருப்பது அடைவில்தான், ஃபைலில் இல்லை.

எஃப்சிங்க் பிழை சொன்னால் என்ன செய்வது? திரும்ப அழைத்துப் பார்க்கலாமே என்றுதான் யாருக்கும் தோன்றும். 2018-இல் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸை உருவாக்குபவர்களுக்கே இது அதிர்ச்சியாக இருந்தது. எழுதத் தவறிய பக்கத்தை லினக்ஸ் 'சுத்தம்' என்று குறித்துவிடக்கூடும். அப்புறம் இரண்டாவது எஃப்சிங்க் எழுத ஒன்றுமில்லை என்று வெற்றி சொல்லிவிடும், தரவு மட்டும் டிஸ்கில் இருக்காது. அதன் பிறகு போஸ்ட்கிரெஸ், எஃப்சிங்க் தவறினால் முயற்சியைத் தொடராமல் தன்னையே நிறுத்திக்கொண்டு, மாற்றங்களை முன்கூட்டியே எழுதிவைக்கும் தன் சொந்த லாகிலிருந்து மீளும்படி மாற்றப்பட்டது. உங்கள் நிரலிலும் அதே நாகரிகம் போதும்: பிழை வந்தால் கையில் இருக்கும் மூலத்திலிருந்து முழுவதையும் மறுபடி எழுதுங்கள், இல்லையென்றால் நிறுத்திவிடுங்கள்.

இதே கேஷுக்கு இன்னொரு முகம் உண்டு. எழுதப்படாத பக்கங்கள் கிடைக்கக்கூடிய மெமரியில் 20 சதவீதத்தைத் தொட்டால், எழுதுபவர்களையே கெர்னல் காக்கவைக்கும். 128 ஜிபி இயந்திரத்தில் அது ஏறக்குறைய 25 ஜிபி. விநாடிக்கு 100 எம்பி எழுதும் டிஸ்க் அதைத் தீர்க்க நான்கு நிமிடம் ஆகும். பேக்கப் ஓடும்போது மட்டும் எல்லாம் உறைந்துபோகிறது என்று யாராவது சொன்னால் நான் முதலில் சந்தேகிப்பது இதைத்தான். சதவீதத்துக்குப் பதிலாக பைட் கணக்கில் சின்ன வரம்பு வைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

ஃபைலை அழித்தும் இடம் திரும்பவில்லை என்பது சின்ன விஷயம், சட்டென்று சொல்லிவிடுகிறேன். அழிப்பது பெயரைத்தான். யாராவது திறந்து வைத்திருக்கும்வரை உள்ளடக்கம் டிஸ்கில் இருக்கும். 'டியு' பெயர்களைக் கூட்டுகிறது, 'டிஎஃப்' ஃபைல் சிஸ்டத்தைக் கேட்கிறது, அதனால் இரண்டும் ஒத்துப்போகாது. 'எல்எஸ்ஓஎஃப்' போட்டு, அழிக்கப்பட்டும் திறந்திருப்பவற்றைத் தேடி, அந்த ப்ராசஸை மறுதொடக்கம் செய்யுங்கள். பெரும்பாலும் லாக் ஃபைலாகத்தான் இருக்கும்.

'ஸ்ட்ரேஸ்' பற்றி ஒரு எச்சரிக்கை. ஒரு நிரல் கெர்னலிடம் என்னென்ன கேட்கிறது என்று அறிய அதைவிட நல்ல ஆசிரியர் இல்லை. புதியவர்களை அதன் முன்னால்தான் உட்காரவைப்பேன். ஆனால் ஒவ்வொரு சிஸ்டம் காலிலும் நுழையும்போது ஒருமுறை, வெளியேறும்போது ஒருமுறை நிரலை நிறுத்தி நிறுத்திப் பார்க்கிறது. வேலை மும்முரத்தில் இருக்கும் சர்வரில் ஒட்டினால் நிரல் பல மடங்கு மெதுவாகிவிடும். அங்கே, நிரலை இப்படி நிறுத்தாமல் அளக்கும் 'பெர்ஃப்' அல்லது பிபிஎஃப் வழிக் கருவிகள் நல்லது.

மூலக் கோடைப் படிக்க ஆசைப்படுபவர்களுக்கு: லினக்ஸ் கெர்னலில் 3 கோடிக்கும் மேலான வரிகள், அதில் பெரும்பகுதி டிரைவர்கள். நேராக அதில் குதிப்பதைவிட, எம்ஐடியில் பாடத்துக்காக எழுதிய எக்ஸ்வி6 என்ற சின்ன இயங்குதளத்தை முதலில் பாருங்கள். சில ஆயிரம் வரிகளில் தூக்கம், விழிப்பு, பூட்டு, சிஸ்டம் கால் எல்லாம் இருக்கும். தூங்குவதற்கு முன் எந்தப் பூட்டைப் பிடித்திருக்க வேண்டும் என்ற அந்த ஒரு பகுதியைப் புரிந்துகொண்டால் 'டி' நிலை பற்றி நான் மேலே சொன்னதெல்லாம் இன்னும் தெளிவாகும்.

கடைசியாக, கன்டெய்னரை நிறுத்தினால் ஏன் சரியாக 10 விநாடி ஆகிறது என்ற கேள்வி. லினக்ஸில் 1-ஆம் எண் ப்ராசஸுக்குச் சலுகை உண்டு: தான் கையாள்வதாகப் பதிவு செய்யாத சிக்னல்கள் அதைத் தொடாது. சிஸ்டத்தின் தாய் ப்ராசஸ் தவறுதலாகச் சாகக் கூடாது என்று வைத்த ஏற்பாடு. கன்டெய்னருக்குள் உங்கள் நிரல்தான் 1-ஆம் எண், எனவே சலுகையும் அதற்கே. கன்டெய்னர்களை ஓட்டும் கருவியான டாக்கர் முதலில் மரியாதையாக முடித்துக்கொள்ளச் சொல்லும் சிக்னலை அனுப்புகிறது, நிரல் அதைக் கையாளவில்லை என்றால் அது காற்றோடு போகிறது, 10 விநாடி பொறுத்துப் பார்த்துவிட்டு 9-ஐ அனுப்புகிறது. வெளியிலிருந்து வரும் 9-க்கு மட்டும் சலுகை செல்லாது. ஷெல் (கமாண்டுகளை ஓட்டும் நிரல்) வழியாக உங்கள் நிரலைத் தொடங்கியிருந்தால் இன்னும் மோசம்: ஷெல்தான் 1-ஆம் எண்ணாக உட்கார்ந்திருக்கும், சிக்னலை உள்ளே கடத்தாது. கூடவே, பெற்றோரை இழந்த ப்ராசஸ்கள் எல்லாம் 1-ஆம் எண்ணின் பொறுப்பில் வருவதால், அது அவற்றின் முடிவை வாங்கிக்கொள்ளவில்லை என்றால் ஸோம்பிகள் குவியும். ஸோம்பி மெமரி தின்னாது, ஏற்கெனவே செத்தது, ஆனால் ஒரு ப்ராசஸ் எண்ணைப் பிடித்துக்கொண்டிருக்கும். டாக்கரில் இனிட் ஆப்ஷனைப் போட்டுத் தொடங்கினால் ஒரு சின்ன ப்ராசஸ் 1-ஆம் எண்ணில் அமர்ந்து சிக்னலைக் கடத்தி, ஸோம்பிகளையும் அள்ளிவிடும். நிரலுக்குள் அந்த முடிவுச் சிக்னலைப் பிடித்து, கையில் இருக்கும் வேலையை முடித்து வெளியேற நாலு வரி எழுதினால், புதிய பதிப்பை ஏற்றும் ஒவ்வொரு முறையும் பாதியில் அறுபடும் கோரிக்கைகளும் குறைந்துவிடும்.